வால்வு நேரம்: மோட்டார் என்ஜினின் நீண்ட சமரசம்

பெட்ரோல் கார் பிறப்பதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே, நீராவி ரயில் என்ஜினின் ஓட்டுநர் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் வால்வு நேரத்தை ஒரு நெம்புகோலால் மாற்றிக்கொண்டிருந்தார். சிலிண்டருக்குள் செல்லும் வழி எப்போது திறந்து எப்போது மூட வேண்டும் என்னும் கணக்கே வால்வு நேரம் எனப்படுகிறது. 1842இல் நியூகாசிலில் ராபர்ட் ஸ்டீபன்சன் நிறுவனத்தில் பணிபுரிந்த வில்லியம் ஹோவ் உருவாக்கிய வளைந்த இணைப்புச் சட்டமும், பெல்ஜிய ரயில்வேயின் எகிட் வால்சார்ட்ஸ் வடிவமைத்து 1844இல் ஃபிஷர் என்னும் பொறியாளரின் பெயரில் காப்புரிமை பெறப்பட்ட அமைப்பும் வண்டியை முன்னும் பின்னும் செலுத்தப் பயன்பட்டன என்றாலும், அவை தந்த பெரும்பயன் சிக்கனமே. நிலையத்திலிருந்து கிளம்பும்போது பிஸ்டன் நகரும் தூரத்தின் பெரும்பகுதிவரை நீராவியை விட்டு இழுவையைக் கூட்டவும், வேகம் பிடித்தபின் வழியைச் சீக்கிரமே அடைத்து, உள்ளே சிக்கிய நீராவி தானே விரிந்து வேலை செய்யுமாறு விட்டு நிலக்கரியை மிச்சப்படுத்தவும் ஓட்டுநரால் முடிந்தது.

மோட்டார் கார் இந்த வசதி இல்லாமலே பிறந்தது. அதைப் பெற ஏறத்தாழ நூறாண்டு காத்திருந்தது. நிகோலாஸ் ஓட்டோ 1876இல் உருவாக்கிய நான்கு வீச்சு என்ஜினில், உறிஞ்சல், அழுத்தம், எரிதல், வெளியேற்றம் என்னும் நான்கு செயல்களுக்குப் பிஸ்டனால் சுழலும் தண்டான கிராங்க்ஷாஃப்ட் இரண்டு முறை சுழல்கிறது. ஆகவே வால்வுகளை இயக்கும் மேடுகளைத் தாங்கிய கேம்ஷாஃப்ட் அதன் பாதி வேகத்தில் சுற்றினால் போதும். ஆனால் 1885இல் ஜெர்மானியப் பொறியாளர்களான டைம்லரும் மைபாகும் செய்த சிறிய, விரைவான என்ஜினில் கேமால் இயங்கியது வெளியேற்ற வால்வு மட்டுமே. உறிஞ்சு வால்வு ஒரு மெல்லிய ஸ்பிரிங்கில் தொங்க, பிஸ்டன் கீழிறங்கும்போது உண்டாகும் வெற்றிடமே அதை இழுத்துத் திறந்தது. எளிமையான இந்த ஏற்பாடு நிமிடத்திற்குச் சில நூறு சுற்றுகள்வரை நன்றாகவே நடந்தது. வேகம் கூடியபோது வால்வு தாமதமாகத் திறந்து, படபடத்து, சிலிண்டரை அரைகுறையாக நிரப்பியது. 1901இல் வந்த 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் காரில் மைபாக் இரு வகை வால்வுகளையும் கேம்ஷாஃப்ட்டுகளின் பொறுப்பில் ஒப்படைத்தார். அதனால் நேரம் துல்லியமாயிற்று. ஆனால் மாற்ற முடியாததாகவும் ஆயிற்று.

ரயில் என்ஜினின் நெம்புகோலை ஏன் காரில் பொருத்தவில்லை என்னும் வினாவுக்கு விடை வேகத்தில் இருக்கிறது. ரயில் என்ஜினின் சக்கரம் நொடிக்குச் சில சுற்றுகளே சுற்றுகிறது. நிமிடத்திற்கு 3000 சுற்று சுழலும் பெட்ரோல் என்ஜினிலோ ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூட வேண்டியிருப்பதால், அதனோடு சேர்ந்து அசையும் ஒவ்வோர் உதிரிப் பாகமும் ஸ்பிரிங்குக்குச் சுமையாகிறது. அதனால் வடிவமைப்பாளர்கள் கேமின் மேட்டை ஒரே வடிவில் அரைத்து, ஒரே கோணத்தில் நிறுத்திவிட்டு, அதிலேயே எல்லா வேகங்களையும் சமாளிக்கப் பார்த்தனர்.

அந்தக் கோணம் எதுவாக இருக்க வேண்டும் என்பதில்தான் இந்த வரலாற்றின் சாரம் இருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால், பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது உறிஞ்சு வால்வு திறந்து, அடியில் சேர்ந்ததும் மூடுவதே முறை எனத் தோன்றும். ஆனால் காற்றுக்கும் எடை உண்டு. ஓடத் தொடங்கிய காற்று பிஸ்டன் திரும்பிய பிறகும் சிலிண்டருக்குள் பாய்ந்துகொண்டே இருப்பதால், உறிஞ்சு வால்வைத் தாமதித்து மூடினால் கூடுதல் கலவை கிடைக்கிறது. அவ்வாறே, வெளியேற்ற வால்வு பிஸ்டன் அடியை எட்டுவதற்கு முன்பே திறந்து, உச்சியைக் கடந்த பின்பே மூடுகிறது. உச்சிக்கு அருகில் இரு வால்வுகளும் சிறிது நேரம் ஒருங்கே திறந்திருக்கும் இந்த மேற்பொருந்தல் வேகமான ஓட்டத்தில் நன்மை செய்கிறது. மெதுவான ஓட்டத்திலோ எரிந்த புகை புதுக் கலவையோடு கலந்து என்ஜினைத் தடுமாறச் செய்கிறது. 1959இல் வந்த 848 சிசி மினியில் உறிஞ்சு வால்வு உச்சிக்கு 5 பாகை முன்பே திறந்தது, வெளியேற்ற வால்வு உச்சிக்கு 10 பாகை பின்பு மூடியது. மேற்பொருந்தல் 15 பாகை. அதே பிரிட்டிஷ் குழுமத்தின் எம்.ஜி.ஏ பந்தயப் பாணிக் காரில் இவை 16, 21 என அமைந்து, மேற்பொருந்தல் 37 பாகையாயிற்று. நகரத் தெருவுக்கான என்ஜினும் திறந்த சாலைக்கான என்ஜினும் பிரியும் இடம் இதுவே. ஒன்றையே இரண்டாக்க வழி இருக்கவில்லை.

ஆலையில் தீர்மானித்த நேரத்தைக் கெடாமல் காப்பதே மெக்கானிக்கின் வேலையாயிற்று. எம்.ஜி.ஏயின் 1489 சிசி என்ஜின் குடும்பமே இந்தியாவில் அம்பாசடர் காரிலும் நெடுங்காலம் ஓடியது. அதில் கேம்ஷாஃப்ட்டைச் சுழற்றும் டைமிங் செயினை மாட்டும்போது, இரண்டு பற்சக்கரங்களிலும் பொறித்த குறிகள் ஒன்றையொன்று நேராகப் பார்க்க வேண்டும். ஒரு பல் தவறினாலும் என்ஜின் இழுவை இழக்கும். அடுத்தது டேப்பெட் இடைவெளி, அதாவது வால்வின் தண்டுக்கும் அதை அழுத்தும் ராக்கர் கைக்கும் நடுவே விடும் சந்து. ஃபீலர் கேஜ் என்னும் தகடுகளால் இதை 0.015 அங்குலமாக அமைத்தனர். சந்து பெரிதானால் வால்வு தாமதமாகத் திறந்து முன்னதாக மூடி, டிக் டிக் என்று ஓசையெழுப்பும். சிறிதானால் வால்வு முழுதாக மூடாமல் அதன் விளிம்பு கருகிவிடும். எட்டு வால்வுகளில் எதைச் சரிசெய்ய எதைத் திறந்து வைப்பது என்பதற்கு ஒன்பது விதி என்ற எளிய கணக்கு இருந்தது: எட்டாவது முழுதும் திறந்திருக்கையில் முதலாவது, ஆறாவது திறந்திருக்கையில் மூன்றாவது என, இரண்டின் கூட்டல் ஒன்பதாக இருக்க வேண்டும்.

செயினுக்கு மாற்றாகப் பற்கள் கொண்ட ரப்பர் பெல்ட்டை, பவேரியாவின் கிளாஸ் நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் தன் 1004 காரில் கொண்டுவந்தது. இந்தியாவில் 1983இல் வந்த மாருதி 800 பெல்ட்டைப் பரவலாக அறிமுகப்படுத்தியது. சத்தமில்லாமல் ஓடும் அது சொல்லாமல் அறுந்துபோவதும் உண்டு.

நேரத்தை மீண்டும் மாற்றத் தூண்டியது வேகமல்ல, புகையே என்பது இவ்வரலாற்றின் வியப்பான திருப்பம். 1970இல் அமெரிக்கா காற்று மாசுச் சட்டத்தைக் கடுமையாக்கியபின், பெரிய மேற்பொருந்தல் கொண்ட விரைவுக் கார்களுக்கு அங்கே இடம் குறைந்தது. இதற்கு விடையாக ஆல்ஃபா ரோமியோவின் பொறியாளர் ஜாம்பாவ்லோ கார்சேயா வகுத்த அமைப்பு 1980இல் அமெரிக்கச் சந்தைக்கான ஸ்பைடர் காரில் பொருத்தப்பட்டது. திருகுபோல் வளைந்த பற்கள் கொண்ட ஒரு துண்டை எண்ணெய் அழுத்தம் நகர்த்த, உறிஞ்சு கேம்ஷாஃப்ட் தன் சக்கரத்தைவிடச் சற்று முன்னே திரும்பியது. ஹோண்டா 1989இல் இன்டெக்ரா காரில் வேறு வழியில் சென்று, மெதுவான ஓட்டத்திற்கும் விரைவான ஓட்டத்திற்கும் தனித்தனி மேடுகளை ஒரே கேம்ஷாஃப்ட்டில் வைத்து, 1.6 லிட்டரில் 160 குதிரைத்திறன் எடுத்தது. 1997இன் டொயோட்டா பிரியஸ் உறிஞ்சு வால்வை வேண்டுமென்றே மிகத் தாமதமாக மூடி, உள்ளிழுத்ததில் ஒரு பகுதியைத் திருப்பித் தள்ளியது; அழுத்தும் தூரம் குறைந்து விரியும் தூரம் நீண்டதால் எரிபொருள் மிஞ்சியது. 1880களில் ஜேம்ஸ் அட்கின்சன் சிக்கலான இணைப்புத் தண்டுகளால் சாதித்ததை, வால்வு நேரத்தாலேயே அது செய்தது.

இத்தகைய அமைப்புகளில் கேமைத் திருப்புவது எண்ணெய் என்பதால், அழுக்கேறிய எண்ணெய், தவறான தடிப்புள்ள எண்ணெய், அடைபட்ட சல்லடை ஆகியவை இன்று டைமிங் கோளாறாகவே வெளிப்படுகின்றன. கணினி பிழைக் குறி காட்டியதும் பல பட்டறைகள் முதலில் பார்ப்பது எண்ணெயின் அளவையும் நிலையையும்தான்.