கண்ணகியின் காய்கறிக் கூடை

என் தகப்பனாரின் திதி ஆடி மாதத்தில் வரும். அதற்கு முதல் நாள் விடியற்காலையில் கோயம்பேட்டுக்குப் போய்க் காய்கறி வாங்கி வருவது என் பொறுப்பு. வாங்கி வந்ததைப் பரிசோதித்துப் பாதியைத் தள்ளி வைப்பது அத்தையின் பொறுப்பு. அத்தைக்கு வயது எண்பதுக்கு மேல் ஆகிறது. பத்திரிகை படிக்கக் கண்ணாடி வேண்டும். பாகற்காயில் பூச்சியைக் கண்டுபிடிக்க வேண்டாம்.

சென்ற வருஷம் நான் கொண்டு வந்த பையைக் கூடத்தில் கவிழ்த்தாள். சற்று நேரத்தில் இரண்டு குவியல்கள் உண்டாயின. வாழைக்காய், புடலங்காய், பாகற்காய், சேப்பங்கிழங்கு, பிரண்டை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு எல்லாம் ஒரு பக்கம். உருளைக்கிழங்கு, தக்காளி, காரட், முட்டைக்கோஸ், பச்சை மிளகாய் இன்னொரு பக்கம்.

"ஏண்டா, இதெல்லாம் யாருக்கு?" என்று இரண்டாவது குவியலைக் காட்டிக் கேட்டாள்.

"நாளைக்கில்லை அத்தை. மறுநாள் நமக்கு."

"நமக்குன்னா சரி. உங்கப்பா இதையெல்லாம் தொடமாட்டான்."

அப்பா உயிரோடு இருந்தபோது உருளைக்கிழங்குப் பொடிமாஸ் என்றால் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். பரலோகம் போனதும் ருசி மாறிவிட்டது போலிருக்கிறது! இதை அத்தையிடம் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. ஆனால் அந்த இரண்டு குவியல்களையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவற்றுக்கு நடுவே இருந்தது ஒரு சாண் இடைவெளிதான். சரித்திரப்படி பார்த்தால் அந்த ஒரு சாணில் ஒரு மகா சமுத்திரமே அடங்கியிருக்கிறது.

1492-இல் கொலம்பஸ் இந்தியாவைத் தேடிப் புறப்பட்டு அமெரிக்காவில் போய் இறங்கினான். 1498-இல் வாஸ்கோட காமா சரியான வழியில் கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்தான். இந்த இருவர் திறந்த கடல் வழிகளில் பொன்னும் பீரங்கியும் மட்டும் பிரயாணம் செய்யவில்லை. விதைகளும் கிழங்குகளும் கப்பலேறின. மிளகாய், உருளைக்கிழங்கு, தக்காளி, வேர்க்கடலை, மரவள்ளி ஆகிய எல்லாவற்றுக்கும் பிறந்த வீடு அமெரிக்கக் கண்டம். ஐந்நூற்றுச் சொச்சம் வருஷங்களுக்கு முன் தமிழ் நாட்டில் எந்த அடுக்களையிலும் மிளகாய் கிடையாது.

அப்படியானால் நம் முன்னோர் என்னதான் சமைத்தார்கள் என்று கேட்கிறீர்களா? சிலப்பதிகாரத்தைத் திறந்து பாருங்கள். மதுரைக்கு வெளியே ஆயர் சேரியில், மாதரி என்ற இடைக்குல மூதாட்டியின் பாதுகாப்பில் கோவலனும் கண்ணகியும் தங்குகிறார்கள். கண்ணகி சமைப்பதற்காகச் சாமான்கள் வருகின்றன. பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், செந்நெல் அரிசி, பால், நெய். அவ்வளவுதான். கண்ணகி வளைந்த வாயுள்ள கத்தியை எடுத்துக் காய் நறுக்குகிறாள். பழக்கமில்லாத மெல்லிய விரல்கள் சிவக்கின்றன. அடுப்புப் புகையில் முகம் வியர்க்கிறது. குருத்து வாழை இலையை விரித்துக் கணவனுக்குப் பரிமாறுகிறாள். அவன் சாப்பிட்டு எழுந்து, சிலம்பை வாங்கிக்கொண்டு கடைத் தெருவுக்குப் போனவன் திரும்பி வரவில்லை.

கதை எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் இந்த இடத்தைப் பல தடவை படித்து வியந்திருக்கிறேன். உயிர் பிரியப் போகும் நாளில் கவி இந்தக் காய்கறிக் கணக்கு ஒப்புவிக்க வேண்டுமா? வேண்டும். அந்தக் கூடை அவ்வளவு நிஜமாக இருப்பதனால்தான், பிறகு வரும் துக்கமும் நிஜமாகிறது. இன்னொன்றும் உண்டு. மதுரை எரிந்தது ஆடி மாதத்துத் தேய்பிறையில் என்று காப்பியமே சொல்கிறது. ஆடியில் மாம்பழம் விடைபெற்றுக்கொள்ளும் சமயம். கண்ணகியின் கூடையில் இருந்தது அந்த வருஷத்துக் கடைசி மாம்பழமாகத்தான் இருக்க வேண்டும். கவி இதை எண்ணி எழுதினாரோ என்னவோ, அந்த மாம்பழத்தை என்னால் மறக்க முடியவில்லை.

கண்ணகி சமைத்ததற்குக் காரம் எது என்றால், மிளகு. சங்க நூல்களில் 'கறி' என்றால் மிளகு என்றே பொருள். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், மாதுளங்காயை மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்து வெண்ணெயில் வதக்கிய ஒரு பதார்த்தம் வருகிறது. கூடவே மாவடு ஊறுகாய். அத்தையின் திதிச் சமையலுக்கு இதைவிடப் பழைய சாட்சி வேண்டுமா? மிளகாய் இல்லாமல், தக்காளி இல்லாமல், மிளகையும் சீரகத்தையும் நம்பி அவள் செய்கிற சமையல், வருஷத்துக்கு ஒரு நாள் நம் வீடுகளில் திறக்கப்படும் கண்காட்சி சாலை. வாஸ்கோட காமா அந்த வாசற்படியை இன்னும் மிதிக்கவில்லை.

அந்தச் சமையலுக்கென்று ஒரு கதையும் உண்டு. விசுவாமித்திரர் ஒரு திதிக்கு ஆயிரத்தெட்டுக் கறிகாய் வேண்டும் என்று வசிஷ்டரிடம் கேட்டாராம். அருந்ததி கலங்கவில்லை. பாகற்காய் நூறு காய்க்குச் சமம், பிரண்டை முந்நூறு, பலாக்காய் அறுநூறு; மேலே எட்டுக் கறி சமைத்துக் கணக்கைத் தீர்த்துவிட்டாள். வீட்டுக் கொல்லையில் கிடைப்பதைக் கொண்டு மகரிஷியையே மடக்கிய கெட்டிக்காரி!

இனி, கடல் கடந்து வந்தவர்களின் கதைக்கு வருவோம். புது மருமகளுக்குப் புக்ககத்தில் வேறு பெயர் வைத்து அழைப்பதுண்டு அல்லவா? தமிழர்களும் அப்படியே செய்தார்கள். மிளகைப் போல் காரமான காய்க்கு மிளகாய் என்று பெயர். காட்டிலே தோண்டி எடுத்த பழைய வள்ளிக்கிழங்கைப் போல் இருந்து, தித்திக்கவும் செய்ததற்குச் சர்க்கரைவள்ளி என்று பெயர். பறங்கியர் காலத்தில் வந்தது பறங்கிக்காய். மணிலாவின் பெயரைச் சுமந்தது மணிலாக் கொட்டை. பிள்ளையார் சதுர்த்திக்குப் படைக்கும் கொய்யாவும் அமெரிக்கக்காரர்தான். சீதாப்பழமும் ராமசீதாவும் அங்கிருந்தே வந்தன. சீதையும் ராமனும் தண்டகாரணியத்தில் அவற்றைப் பார்த்திருக்கவே முடியாது.

நாமும் சும்மா வாங்கிக்கொள்ளவில்லை. நம் மாங்காய் மலையாளக் கரையில் மாங்காவாகி, போர்ச்சுகீசியர் வாயில் புகுந்து, இங்கிலீஷில் மாங்கோ ஆயிற்று. கறி என்ற சொல் உலகத்துச் சாப்பாட்டு விடுதிகளிலெல்லாம் நம் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

'இங்கிலீஷ் காய்கறி' என்று அத்தை முகம் சுளிக்கும் இனம் இன்னும் பின்னால் வந்தது. கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் ஸல்லிவன் 1819-இல் நீலகிரிக்கு ஏறினார். குளிரைக் கண்டதும் சொந்த ஊர் ஞாபகம் வந்துவிட்டது. அங்கே வீடு கட்டிக்கொண்டு உருளைக்கிழங்கும் சீமைக் காய்களும் பயிரிட்டார். 1845-இல் உதகமண்டலத்து வெள்ளைக்காரர்கள் நியாய விலையில் காய்கறி கிடைப்பதற்காக மாதச் சந்தா போட்டு ஒரு தோட்டமே ஆரம்பித்தார்கள். அது நிலைக்கவில்லை. ஆனால் அந்த முயற்சியைத் தொடர்ந்துதான் 1848-இல் மக்ஐவர் என்ற தோட்டக் கலைஞர் வந்து, இன்று நாம் குழந்தை குட்டிகளுடன் பார்த்து மகிழும் தாவரத் தோட்டத்தை அமைத்தார். ஊர் ஏக்கத்தில் பிறந்த முட்டைக்கோஸ், படகர்களின் வயல்களில் பெருகி, மேட்டுப்பாளையத்தில் மூட்டை மூட்டையாக இறங்கி, சென்னைக்கு ரயிலேறியது.

அது வந்து இறங்கிய இடம் கொத்தவால் சாவடி. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே போன நாட்கள் நினைவிருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு நடந்தால் மூக்கே மாதம் சொல்லும். மாம்பழ வாசனை வந்தால் சித்திரை, வைகாசி. மொச்சை வாசனை வந்தால் மார்கழி, தை. 1996-இல் அந்தச் சந்தை கோயம்பேட்டுக்குப் போயிற்று. அங்கே எல்லாம் கிடைக்கிறது. எல்லா மாதமும் கிடைக்கிறது. அதுதான் என் குறை. அவரைக்காய்க்காகத் தை வரையில் காத்திருந்த நாக்குக்கு அதன் ருசி தெரிந்தது. காத்திருக்காத நாக்குக்கு அவரையும் ஒன்றுதான், பீன்ஸும் ஒன்றுதான்.

இவ்வளவும் யோசித்த பிறகு எனக்கு ஒரு குறும்பு தோன்றியது. அத்தையின் பரிசுத்தமான குவியலில் சர்க்கரைவள்ளி உட்கார்ந்திருந்தது அல்லவா? அதுவும் அமெரிக்காக் கிழங்குதான். சொல்லிவிடலாமா? வாயைத் திறந்தேன். அப்போது அத்தை அந்தக் கிழங்கை எடுத்து மண்ணைத் துடைத்துக்கொண்டே, "உங்கப்பனுக்குச் சின்ன வயசிலே இதைச் சுட்டுக் கொடுத்தால் அழுகையை நிறுத்துவான்" என்றாள். வாயை மூடிக்கொண்டேன். எது நம்முடையது என்று தீர்ப்பதற்குக் கப்பல் கணக்கைவிட மேலான கணக்கு ஒன்று இருப்பதாக அந்தக் கணம் தோன்றியது.

மறுநாள் திதி முடிந்தது. சாயங்காலம் அத்தை கொல்லையில் மிச்சமிருக்கும் நாலு முழ மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தாள். ஆடிப் பட்டம் தேடி விதைக்க வேண்டுமல்லவா? சாம்பலில் புரட்டி வைத்திருந்த விதைகளை ஒவ்வொன்றாக ஊன்றினாள். பொங்கல் கூட்டுக்குப் பறங்கி.

ஆசை விடவில்லை. "அத்தை, பறங்கி என்றால் யார், தெரியுமோ?" என்று கேட்டேன்.

"தெரியாமல் என்ன? போன தையில் பதினெட்டுக் காய் காய்த்தானே, அவன்தான். பேசிண்டு நிற்காதே, ஒரு குடம் ஜலம் கொண்டு வா" என்றாள்.

கொண்டு வந்து ஊற்றினேன்.