துண்டும் கவர் லெட்டரும்

போன மாசம் நோட்டன் பிரிட்ஜிலிருந்து என் சித்தி மகள் வாட்ஸ்அப்பில் ஒரு கடிதம் அனுப்பியிருந்தாள். டோஹாவில் ஒரு கம்பெனி ஆபீஸ் வேலைக்கு ஆள் எடுக்கிறதாம். அதற்கான கவர் லெட்டர். "அண்ணா, இங்கிலீஷ் சரியான்னு மட்டும் பாருங்க" என்று கூடவே ஒரு வொய்ஸ்.

இங்கிலீஷ் சரியாகத்தான் இருந்தது. டவுனில் ஒரு கடையில் காசு கொடுத்து அடித்தது. எல்லாருக்கும் ஒரே கடிதம், பேரை மட்டும் மாற்றிக் கொடுப்பார்கள். தாழ்மையுடன், பணிவன்புடன், கருணை கூர்ந்து எல்லாம் அதில் இருந்தது, அவள்தான் இல்லை. ஏ.எல். முடித்துவிட்டு இரண்டு வருஷம் தோட்டத்து ஆபீசில் செக்ரோல் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றியவள். அதைப் பற்றி ஒரு வரி இல்லை. லயத்து விலாசத்துக்குப் பதிலாக ஹட்டனில் இருக்கிற மாமா வீட்டு விலாசம். ஏன் என்று கேட்டேன். "தோட்டத்து ஆபீஸ்னு போட்டா யாருண்ணா வேலை குடுப்பாங்க?"

அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. வேலை தேடிப் போகிற ஆளுக்கு முன்னால் போகிற காகிதம் என்பது நமக்குப் புதுசு இல்லை. நம் பாட்டன் பூட்டனுக்கும் அப்படி ஒரு காகிதம் இருந்தது. அதை அவர்கள் எழுதவில்லை என்பதுதான் விஷயம்.

அதற்குப் பேர் துண்டு.

கோப்பிக் காலத்தில் ஆட்கள் பருவத்துக்கு வந்து பருவம் முடிந்ததும் ஊருக்குத் திரும்பினார்கள். 1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்தது. பிறகு மலையெல்லாம் தேயிலையானது. தேயிலைக்கு வருஷம் முழுக்கக் கொழுந்து எடுக்க ஆள் வேண்டும், அதனால் தோட்டங்களுக்குள் ஆளுக்குப் போட்டி. இந்தியாவிலிருந்து கூட்டி வந்த செலவு, முன்பணம், அரிசி, கம்பளி எல்லாம் தொழிலாளியின் தலையில் கடனாக நிற்கும். கங்காணி தன் ஆட்களோடு வேறு தோட்டம் போக நினைத்தால் துரையிடம் துண்டு கேட்பான். இந்தக் கங்காணியின் இத்தனை பேரை, இத்தனை ரூபா கடனைக் கட்டினால் விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுப்பார். கங்காணி அதை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாக விலை பேசுவான். புதுத் தோட்டம் பழைய கடனுக்கு மேலேயே முன்பணம் கொடுத்தால், மிச்சம் பெரும்பாலும் கங்காணி மடியில். கூடிய கடன் தொழிலாளி பேரில்.

யோசித்துப் பாருங்கள். அந்தத் துண்டில் ஒரு பெண் எத்தனை இறாத்தல் கொழுந்து எடுப்பாள், ஒரு ஆள் எவ்வளவு நன்றாகக் கவ்வாத்து வெட்டுவான் என்றெல்லாம் ஒன்றும் கிடையாது. தலை எண்ணிக்கையும் ஒரு தொகையும், அவ்வளவுதான். அதைச் சுமந்து போனவர்களில் பெரும்பாலோருக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கத் தெரியாது. 1921இல் சட்டம் போட்டுத் துண்டு முறையை ஒழித்தார்கள்.

உலகத்தின் முதல் வேலை விண்ணப்பம் என்று இணையத்தில் அடிக்கடி காட்டுகிற கடிதம் லியோனார்டோ டா வின்சியுடையது. 1482 வாக்கில் மிலான் நகரத்து லுடோவிகோ ஸ்ஃபோர்சாவுக்கு எழுதியது. பாலம் கட்டுவேன், பீரங்கி செய்வேன் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில்தான் ஓவியமும் வரைவேன் என்கிறார். அந்தக் காலத்தில் ஆள்பவருக்கு எது தேவை என்று பார்த்து எழுதின ஆள். நமக்கு இதில் முக்கியம், எனக்கு இது தெரியும் என்று அவரே சொல்கிறார். துண்டில் அந்த 'எனக்கு' கிடையாது.

நம் ஆட்கள் தங்கள் பேரில், கூட்டம் கூட்டமாக விண்ணப்பம் போட்டது வேலைக்காக இல்லை, பிரஜாவுரிமைக்காக. 1948ஆம் வருஷச் சட்டம் பெரும்பாலான தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. அடுத்த வருஷம் இந்திய, பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. விண்ணப்பிக்க 1951 ஆகஸ்ட் 5 வரை அவகாசம். இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் பகிஷ்கரித்தது, பிறகு போடச் சொன்னது. சுமார் 2,37,000 விண்ணப்பங்கள், அவற்றுக்குள் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்கள்.

கேட்ட அத்தாட்சி என்ன தெரியுமா? 1946 ஜனவரி 1க்கு முன்னால், கல்யாணமானவர் 7 வருஷமும் ஆகாதவர் 10 வருஷமும் தொடர்ந்து இங்கே இருந்திருக்க வேண்டும். இடையில் ஒரே தடவையாகப் பன்னிரண்டு மாசத்துக்கு மேல் இந்தியாவில் தங்கியிருந்தால் தொடர்ச்சி போச்சு. ஊருக்குப் போய்க் கல்யாணம் பேசி, காது குத்தி, பெரியவருக்குக் காரியம் செய்துவிட்டு வந்த குடும்பங்கள் இதில் மாட்டின. இருந்ததற்குச் சாட்சியோ தோட்டத்து ரெஜிஸ்டர். அதில் பேரை எழுதினவர் கிளாக்கர், காதில் விழுந்தபடி எழுதினார். ஒரே ஆளுக்கு மூன்று எழுத்துக்கூட்டல். கடைசியில் சுமார் 1,34,000 பேருக்குத்தான் கிடைத்தது. மிச்சப் பேரின் கதை 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், ராமேஸ்வரம் கப்பல் என்று நீள்கிறது. சட்டப்படி அது முழுசாக முடிவுக்கு வர 2003ஆம் வருஷச் சட்டம் வரை ஆனது.

தங்கச்சி போக நினைக்கிற கட்டாரிலும் இப்படி ஒரு காகிதம் இருந்தது. பழைய முதலாளி ஆட்சேபணை இல்லை என்று கடிதம் கொடுக்காமல் வேறு கம்பெனிக்கு மாற முடியாது. 2020இல்தான் அந்த விதியை எடுத்தார்கள். நம் துண்டு போய் 99 வருஷம் கழித்து. எடுத்த பிறகும் மாற முடியாமல் தவிக்கிறவர்களின் முறைப்பாடுகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஏஜென்சிக்குக் கொடுக்க வட்டிக்கு வாங்குகிற காசோ அந்தப் பழைய முன்பணத்தின் சாயல்தான். போகிற ஆள் கடனோடுதான் விமானம் ஏறுகிறார்.

அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் போனில் உட்கார்ந்து கடிதத்தை முதலிலிருந்து எழுதினோம். எந்த வேலைக்கு என்பது முதல் வரியில். எத்தனை பேருடைய செக்ரோல் பார்த்தாய் என்று கேட்டேன். "நானூத்திச் சொச்சம்ணா. பேர், கைக்காசு, ஈ.பி.எஃப்., ஈ.டி.எஃப்., மாசம் தவறாம." சம்பளத்தில் பிழை வந்தால் ஜன்னலுக்கு வெளியே நிற்கிற பெரியம்மாமாருக்குத் தமிழில் விளக்கி, மேலே இங்கிலீஷிலும் சிங்களத்திலும் அறிக்கை போட்டதும் இவள்தான். மூன்று பாஷை, மாசாமாசம் நானூறு பேர் சம்பளம். இதை விட்டுவிட்டு 'கடின உழைப்பாளி' என்று எழுதியிருந்தாள்! பணிவன்புடன் எல்லாம் வெட்டினோம். அரைப் பக்கம் வந்தது.

விலாசத்தில்தான் கொஞ்ச நேரம் இழுபட்டது. நான் வற்புறுத்தவில்லை. விமலசுரேந்திர மின்நிலையம் 1965இலிருந்து ஓடுகிற ஊர் அது. அந்த ஊர்ப் பேரைச் சொல்ல என்ன கூச்சம் என்று மட்டும் கேட்டேன். "கரண்டு கொழும்புக்குத்தானேண்ணா போச்சு" என்று சிரித்தாள். ஆனாலும் டிவிஷன் பேரோடு முழு விலாசத்தையும் போட்டாள்.

கடிதம் போய்விட்டது, பதில் இன்னும் இல்லை. நேற்று வேறு வேலையாகக் கூப்பிட்டாள். பாஸ்போர்ட்டுக்குப் போட வேண்டுமாம். பிறப்புச் சான்றிதழில் அவளுடைய அப்பா பேர் ஒரு மாதிரி, அவருடைய அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி. ஓர் எழுத்துதான் வித்தியாசம். அதைத் திருத்த யாருக்கு, எப்படிக் கடிதம் எழுதுவது என்று கேட்கிறாள்.