எலினோர் ஆஸ்ட்ரம் (1933–2012)

அமெரிக்க அரசியல் அறிவியலாளர். இந்தியானா பல்கலைக்கழகப் பேராசிரியர். பொதுவளங்களை மக்கள் தாங்களே நிர்வகிக்கும் முறைகளை ஆராய்ந்தவர். தெற்குக் கலிபோர்னியாவில் கடல்நீர் புகுந்துவந்த நிலத்தடி நீரைப் பயனாளர்கள் கூடிப் பேசிக் காத்ததே 1965இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வின் பொருள். 1970களில் இந்தியானாபோலிஸ் வட்டாரக் காவல்துறைகளை ஒப்பிட்டபோது, அவரும் குழுவினரும் வீடு வீடாகச் சென்று மக்களிடமே கேட்டார்கள்: கூப்பிட்டால் காவலர் எவ்வளவு நேரத்தில் வருகிறார்? சிறிய துறைகள் பெரியவற்றுக்குச் சற்றும் சளைக்கவில்லை. நிர்வாகத்தை ஒரே குடையின்கீழ் கொண்டுவருவதே சீர்திருத்தம் என்று நம்பியவர்களுக்கு இது வலுவான மறுப்பு. நேபாளத்தில் உழவர்கள் பராமரித்த வாய்க்கால்கள், அரசு கட்டிய கான்கிரீட் பாசனத் திட்டங்களைவிடக் கடைமடைக்குச் சீராக நீர் சேர்த்ததையும் காட்டினார். 2009இல் பொருளாதார நோபல் பரிசை ஆலிவர் வில்லியம்சனுடன் பகிர்ந்துகொண்டார். அதைப் பெற்ற முதல் பெண் அவரே.