‘பொருளாதார ஆற்றலின் வரம்பிற்குள்’: திருச்சிராப்பள்ளியை முன்வைத்து வளர்ச்சிசார் குறைபாடுடையோர் சேவைகளின் நிதி வரலாறு

நிதிக்குறைப்பு என்றதும் வரவு செலவுத் திட்ட அறிக்கையில் சென்ற ஆண்டைவிடக் குறைந்த தொகை ஒன்றைத் தேடுவதே ஆய்வாளரின் இயல்பு. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் ஆகிய வளர்ச்சிசார் குறைபாடுகளுடையோருக்கான சேவைகளில் அத்தேடல் பெரும்பாலும் பயனளிப்பதில்லை. தமிழ்நாடு அரசு வழங்கும் உதவித்தொகைகள் உயர்ந்தே வந்துள்ளன. ஆயினும் 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வட்டார வள மையங்களின் சிறப்புப் பயிற்றுநர்கள் உள்ளிட்டோரின் மாத ஊதியமே தாமதமாயிற்று. தொகை உயரும்போதே சேவை தளரும் இம்முரணின் வேர் சட்டங்களின் சொல்லாட்சியில் உள்ளது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

1912ஆம் ஆண்டின் இந்தியப் பித்தர் சட்டம், பித்தர் என்னும் சொல்லின் வரையறைக்குள்ளேயே அறிவு வளர்ச்சி குன்றியோரையும் அடக்கியது. 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் அவர்களை வரையறையிலிருந்து விலக்கியது. இது நியாயமான விலக்கம். நோயும் குறைபாடும் ஒன்றல்ல. ஆனால் அச்சட்டம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, விலக்கப்பட்டோரின் உரிமைகளைப் பேசும் வேறு நடுவண் சட்டம் இல்லை. ஊனமுற்றோர் சட்டம் 1995இல் இயற்றப்பட்டு 1996 பிப்ரவரியில்தான் நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டத்தின் நலப்பிரிவுகள் ஒரு பழைய தொடரையும் உடன்கொண்டு வந்தன. வேலையின்மை, முதுமை, நோய், உடற்குறை ஆகிய நிலைகளில் பொது உதவி பெறுவதைப் பற்றிப் பேசும் அரசமைப்பின் 41ஆம் உறுப்பு, அரசு தன் ‘பொருளாதார ஆற்றல், வளர்ச்சி ஆகியவற்றின் வரம்பிற்குள்’ அதற்கு வகைசெய்ய வேண்டும் என்கிறது. அது நெறிமுறைக் கோட்பாடு, நீதிமன்றத்தால் நிறைவேற்றத்தக்கதன்று. உரிமைச் சட்டமாக எழுதப்பட்ட 1995ஆம் ஆண்டுச் சட்டத்திலும் மறுவாழ்வு பற்றிய பிரிவுகளில் அதே தொடர் இடம்பெற்றது. ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்புறுதி செய்த பின்னர் வந்த 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டமும் சமூகப் பாதுகாப்பு குறித்த 24ஆம் பிரிவில் அதனைக் கைவிடவில்லை. இதனோடு மாநிலப் பட்டியலின் 9ஆம் பதிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். உடற்குறையுற்றோர்க்கான துயர்தணிப்பை அது மாநிலத்தின் பொறுப்பாக்குகிறது. பொறுப்பு மாநிலத்துக்கு, வரிவருவாயின் பெரும்பகுதி நடுவண் அரசுக்கு என்னும் ஏற்பாட்டில் ‘வரம்பு’ என்பது யாருடைய வரம்பு என்ற வினாவுக்குச் சட்டத்தில் விடையில்லை.

24ஆம் பிரிவில் ஒரு தளமும் உண்டு. மற்றோருக்கான ஒத்த திட்டங்களைவிட மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக இருத்தல் வேண்டும். தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1,200 ரூபாய்; மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 1,500 ரூபாய். சட்டம் கேட்ட கணக்கு ஒரு ரூபாய் கூடாமலும் குறையாமலும் நிறைவேறியிருக்கிறது. அறிவுசார் குறைபாடுடையோருக்கான பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய். பணத்திற்குச் சட்டம் தளம் அமைத்தது. பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் அத்தகைய தளம் எதையும் அமைக்கவில்லை.

நடுவண் அரசின் செலவிலும் இதன் விளைவைக் காணலாம். மாற்றுத்திறனாளிகள் மேம்பாட்டுத் துறைக்கு 2020-21இல் ஒதுக்கப்பட்ட ஏறத்தாழ 1,325 கோடி ரூபாய், பெருந்தொற்றுக் காலத்துத் திருத்திய மதிப்பீட்டில் 900 கோடியாயிற்று. மறு ஆண்டு ஒதுக்கீடு 1,172 கோடி அளவில் நின்றது. இது கண்ணுக்குத் தெரியும் குறைப்பு. தெரியாத குறைப்பும் ஒன்றுண்டு. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கெனவே இயற்றப்பட்டது. பாதுகாவலரை நியமிக்க மாவட்டந்தோறும் ஆட்சியர் நிலை அலுவலரைக் கொண்ட உள்ளூர்க் குழு அதன்கீழ் அமைகிறது. அறக்கட்டளையின் வைப்பு நிதியாக நடுவண் அரசு ஒருமுறை அளிப்பதெனச் சட்டம் குறித்த தொகை 100 கோடி ரூபாய். விலைவாசி ஏறினும் வட்டி விகிதம் இறங்கினும் சட்டத்தில் எழுதிய அத்தொகை மாறாது. எந்த அவையும் வாக்களிக்காமலே மதிப்புக் குறைந்துவிடும்.

மூன்றாம் வகை, ஒதுக்கிய நிதியை விடுவிக்காமை. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தை நேரடியாகத் தொட்டது இதுவே. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் 11,79,963 மாற்றுத்திறனாளிகளுள் 1,00,847 பேர் அறிவுசார் குறைபாடுடையோராகப் பதிவாயினர். இத்தகைய பிள்ளைகளுக்குப் பள்ளிவழிச் சேவை ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் வட்டார வள மையங்கள் மூலம் கிடைக்கிறது. ஸ்ரீரங்கம் வட்டத்தின் ஊர்ப்புறப் பகுதிகளுக்கு அந்தநல்லூர், மணிகண்டம் ஒன்றியங்கள் உள்ளன. பள்ளிக்கு வர இயலாத பிள்ளையின் வீட்டிற்கே சிறப்புப் பயிற்றுநரும் இயன்முறை மருத்துவரும் செல்வது இத்திட்டத்தின் உயிர்நிலை. கழுத்து நிற்கப் பழக்குதல், உட்காரவைத்தல், கையால் உணவெடுத்து உண்ணப் பழக்குதல் எல்லாம் வாரந்தோறும் தொடரவேண்டியவை. மூளை முடக்குவாதமுள்ள பிள்ளைக்குப் பயிற்சி நின்றால் தசைகள் இறுகும். இழந்த மாதங்களை நிலுவைத் தொகைபோலப் பின்னர்ச் செலுத்திவிட இயலாது. இத்தகைய பிள்ளை ஒருவருக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் என்பது திட்ட விதிமுறை. மாதம் 300 ரூபாய்க்கும் குறைவு.

2024-25ஆம் ஆண்டுக்கு இத்திட்டத்தில் தமிழ்நாட்டிற்கு ஏற்கப்பட்ட 3,586 கோடியில் நடுவண் அரசின் 60 விழுக்காட்டுப் பங்கு ஏறத்தாழ 2,152 கோடி. பி.எம்.ஸ்ரீ பள்ளிகளுக்கான உடன்படிக்கையில் மாநிலம் கையெழுத்திடாததால் அது விடுவிக்கப்படவில்லை. தேசியக் கல்விக் கொள்கையை முழுமையாக ஏற்கச் செய்யும் நிபந்தனை அது என்பது மாநிலத்தின் வாதம். இரண்டும் ஒரே கொள்கையின் பகுதிகள் என்பது நடுவண் அரசின் வாதம். மும்மொழி பற்றிய பூசலில் இன்னும் ஒரு மொழியும் பேசத்தொடங்காத பிள்ளைகள் சிக்கியது பொதுவிவாதத்தில் பெரிதும் பேசப்படவில்லை. அக்காலத்துப் பள்ளிக் கல்வி அமைச்சர் இம்மாவட்டத்தின் திருவெறும்பூர்த் தொகுதியைச் சார்ந்தவராயிருந்தும் நிலைமை அதுவே. 2025 மே மாதம் மாநில அரசு அரசமைப்பின் 131ஆம் உறுப்பின்கீழ் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, 6 விழுக்காடு வட்டியுடன் 2,291 கோடி ரூபாய் கோரியது.

பழியை ஒருபக்கமே சுமத்துவதும் பொருந்தாது. சிறப்புப் பயிற்றுநர்களைத் தொகுப்பூதியத் திட்டப் பணியாளர்களாகவே மாநிலம் நெடுங்காலம் வைத்திருந்தமையால்தான் நடுவண் தவணை நின்றதும் அவர்கள் ஊதியம் ஆட்டங்கண்டது. மாநிலத்தில் ஆட்கள் இல்லாமலில்லை. திருச்சிராப்பள்ளி ஹோலி கிராஸ் கல்லூரியிலேயே மறுவாழ்வு அறிவியலுக்கெனத் தனித்துறை உண்டு. திருவரங்கத்தை அடுத்த நாவலூர் குட்டப்பட்டில் தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் எழுந்ததுபோல் கட்டடமாக எழக்கூடிய செலவுகளுக்குத் திறப்புவிழா உண்டு. வாரமொருமுறை ஒரு வீட்டிற்குச் செல்லும் பயிற்றுநருக்கு அது கிடையாது.

தொடக்கநிலையில் 10 பிள்ளைகளுக்கும் உயர்தொடக்க நிலையிலும் அதற்கு மேலும் 15 பிள்ளைகளுக்கும் ஒரு சிறப்பாசிரியர் என்னும் விகிதத்திற்கு உரிய பணியிடங்களை அறிவிக்குமாறு உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு ஆணையிட்டது. அப்பணியிடங்கள் மாநில நிதியில் நிரந்தரமாக அமைகின்றனவா, மீண்டும் திட்டப் பணியிடங்களாகவே அமைகின்றனவா என்பதை அரசாணையின் கணக்குத் தலைப்பைக் கொண்டே அறிய முடியும்.