தட்டம்மைக்குப் பிறகு ஒரு பள்ளி

1875 ஜனவரியில் 'டிடோ' கப்பல் சிட்னியிலிருந்து ஃபிஜிக்குத் திரும்பியது. தலைவர் தாகொம்பாவின் குடும்பத்தோடு தட்டம்மையும் வந்து இறங்கியது. அவரைப் பார்க்கக் கூடிய தலைவர்கள் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். காய்ச்சல் தாளாமல் ஓடைத் தண்ணீரில் போய்ப் படுத்தார்கள் மக்கள். சுமார் 40,000 உயிர்கள் போயின.

நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

1879-ல் இந்தியத் தொழிலாளர்களை ஏற்றிவந்த 'லியோனிடாஸ்' கப்பலில் காலராவும் பெரியம்மையும் இருந்தன. இம்முறை பயணிகளைத் தனிமைப்படுத்தியதால் தீவுகள் தப்பின.

இப்படிப்பட்ட நோய்களை எதிர்கொள்ளவே 1885-ல் சுவாவில் மருத்துவப் பள்ளி பிறந்தது. அம்மை குத்தவும் வைத்தியம் பார்க்கவும் ஃபிஜி இளைஞர்களுக்கு மூன்றாண்டுப் பயிற்சி. வெளியூர் டாக்டருக்குக் காத்திராமல் மண்ணின் பிள்ளைகளையே தயார்செய்ததுதான் பெரிய காரியம். 1928 முதல் மற்ற பசிபிக் தீவுகளின் மாணவர்களும் அங்கே படிக்க வந்தார்கள். 2010-ல் அது ஃபிஜி தேசியப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது.