பிளொப்பியும் பென்டிரைவும்

கொழும்புப் புதுக்கடையில் நீதிமன்றங்களை ஒட்டியுள்ள ஓர் அலுவலகத்தில் தட்டச்சான உறுதி வரைவு, இரவில் வெள்ளவத்தை வீட்டுக் கணினியில் திருத்தப்பட வேண்டுமானால் கைப்பையில் ஏறித்தான் போயாக வேண்டியிருந்தது. அந்தச் சுமையை முதலில் மூன்றரை அங்குலப் பிளொப்பி தூக்கியது. பிறகு பென்டிரைவ் தூக்கியது. ஒன்றின் கொள்ளளவு 1.44 மெகாபைட். மற்றது 2000ஆம் ஆண்டளவில் 8 மெகாபைட்டுடன் கடைக்கு வந்து, இன்று ஜிகாபைட் கணக்கில் நிற்கிறது. எல்லோரும் முதலில் சொல்லும் வேறுபாடு இது. சுவை குறைந்ததும் இதுவே.

தமிழ் எழுதுவோருக்கு அந்த அளவுக்குள்ளேயே ஒரு வியப்பு இருக்கிறது. பிளொப்பிக் காலத்தில் நம்மவர் பலர் பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டனர். அதில் ‘கு’வுக்கு ஒரு பைட் போதும், இன்று வழக்கிலுள்ள யூடிஎஃப்-8 ஒருங்குறியில் அதே எழுத்து ஆறு பைட் கேட்கிறது. ஆகவே அந்தச் சின்னத் தட்டு, தமிழைப் பொறுத்தவரை, எண் காட்டுவதைவிடப் பெரியது. ஆனால் அடுத்த வீட்டுக் கணினியில் பாமினி இல்லையென்றால் உறுதி முழுவதும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும்; எழுத்துருவையும் அதே தட்டில் ஏற்றிச் செல்ல வேண்டியிருந்தது. ஒருங்குறிக் கோப்புக்கு அந்தத் துணை தேவையில்லை.

பிளொப்பி காந்தப் பூச்சில் எழுதுகிறது. பென்டிரைவ் சிலிக்கன் கலங்களில் மின்னேற்றத்தை அடைத்து வைக்கிறது. கொழும்பின் ஈரக்காற்றில் முன்னதன் தட்டில் பூஞ்சணம் படரலாம், மூடியை விலக்கினால் கண்ணுக்கே தெரியும். பின்னதில் மின்னேற்றம் காலப்போக்கில் கசியும். வெளியே எந்தத் தடயமும் இராது. இரண்டுமே கொண்டுசெல்லப் பிறந்தவை. அலுமாரியில் ஆண்டுக்கணக்காகப் பூட்டி வைக்க இரண்டையும் நம்ப முடியாது.

நான் எதிர்பாராத உறவு நோயில் இருந்தது. 1986இல் லாகூர்ச் சகோதரர் இருவர் எழுதிய ‘பிரெயின்’ வைரஸ், ஐந்தேகால் அங்குலப் பிளொப்பியின் தொடக்கப் பகுதியில் குடியேறியது. 2008இல் பரவத் தொடங்கிய ‘கான்ஃபிக்கர்’, பென்டிரைவைச் செருகியதும் தானாக இயங்கும் வசதியையும் பயன்படுத்திக்கொண்டது. இடையில் இருபது ஆண்டுகளுக்கு மேல், வழியோ ஒன்றுதான். உரியவரைக் கேட்காமல் வந்தவரின் சொல்லை வீட்டுக் கணினி நிறைவேற்றியது. பென்டிரைவுக்கு அந்த வாசலை 2009இல் வெளியான விண்டோஸ் 7 அடைத்தது.

பிளொப்பி உறுதியாக வெல்லும் இடம் ஒன்று உண்டு: மூலையிலுள்ள சிறு துளை. அதைத் திறந்துவிட்டால் வாசிக்கலாம், எழுத முடியாது. நொத்தாரிசு தன் வரைவைப் பிறர் கையில் கொடுக்க இதைவிட எளிய காவல் ஏது? பென்டிரைவுகளில் மிகச் சிலவற்றுக்கே அத்தகைய பூட்டு உண்டு. இதை நான் உண்மையான இழப்பாகவே கருதுகிறேன். எஸ்டி அட்டையின் ஓரத்திலும் ஒரு நகர்த்தி இருக்கிறது, ஆனால் அது வேண்டுகோள் மட்டுமே. மதிப்பதும் மறுப்பதும் வாசிக்கும் கருவியின் விருப்பம். பிளொப்பியின் துளைக்கோ இயக்கியின் மின்சுற்றே கட்டுப்பட்டது.