பேனாக்கத்தியும் மடக்கெழுத்தாணியும்



கீழ்பென்னாத்தூரில் நான் தொடக்கப்பள்ளியில் பயின்ற நாளில், பென்சில் சீவும் சிறு மடக்குக்கத்தியைப் பேனாக்கத்தி என்போம். பேனாவுக்கும் கத்திக்கும் என்ன உறவு என்று அன்று எவரும் கேட்டதில்லை. லத்தீன் மொழியில் 'பென்னா' என்றால் இறகு. ஐரோப்பியர் பல நூற்றாண்டுகள் வாத்திறகின் முனையை மையில் தோய்த்து எழுதினர். முனை தேயுந்தோறும் அதைச் சீவவேண்டும். ஆதலின் எழுதுவோரிடம் ஒரு சிறு கத்தி எப்போதும் இருந்தது. பேனாக்கத்தி என்னும் பெயரின் வரலாறு இதுவே.

நம் நாட்டிலும் எழுத்தும் கத்தியும் இணைந்தே வாழ்ந்தன. பனையோலையில் எழுதியவர்களிடம் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி எனப் பல வகை எழுத்தாணிகள் இருந்தன. டாக்டர் உ. வே. சாமிநாதையர் (1855–1942) தம் 'என் சரித்திரம்' நூலில் இவற்றைக் குறித்து எழுதியிருக்கிறார். மடக்கெழுத்தாணியில் எழுத்தாணியோடு சிறு கத்தியும் சேர்ந்திருக்கும். கத்தி ஓலையை வாரும். ஆணி எழுத்தைக் கீறும். வேலை முடிந்ததும் இரண்டும் பிடிக்குள் மடங்கிவிடும்.

எங்கள் வீட்டிலும் முன்னோர் ஒருவரின் மடக்கெழுத்தாணி இருந்தது. ஒரு நாள் அதன் கத்தியால் ஓலையொன்றைச் சீவ முயன்றேன். தளர்ந்திருந்த அலகு சட்டென மடங்கி என் விரலைப் பதம் பார்த்தது. "அதைத் தூர எறி" என்றார்கள் வீட்டார். பாட்டனார் இசையவில்லை. "கத்தி கெடவில்லையடா, ஆணிதான் தளர்ந்திருக்கிறது" என்றார்.

இத்தகைய கத்தியில் வில் கிடையாது. பிடியையும் அலகையும் ஊடுருவி நிற்கும் தறையாணியின் இறுக்கமே அலகை நிலைநிறுத்துகிறது. பட்டறைகளில் இன்று அதனை ரிவிட் என்பர். பாட்டனார் முதலில் மூட்டிலிருந்த அழுக்கைத் துடைத்தார். அலகிற்குத் துணி சுற்றினார். ஆணியின் ஒரு தலையைக் கனத்த இரும்பின்மேல் வைத்து, மறுதலையின் விளிம்பைச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டினார். இரண்டு மூன்று தட்டுக்கு ஒருமுறை அலகைத் திறந்து மூடிப் பார்த்தார். பின்பு திருப்பி வைத்து அவ்வாறே செய்தார். இறுதியில் மூட்டில் ஒரு துளி எண்ணெய் விட்டார். அடி பிடியின்மேல் விழுந்தால் கொம்பும் தந்தமும் பிளந்துபோகும் என்று எச்சரித்தார். துளையே தேய்ந்து அகன்றிருந்தால் தட்டுவதால் பயனில்லை; கொல்லரிடம் கொடுத்துப் பருத்த ஆணி போடவேண்டும்.

இதனை நீங்கள் பெரியவர் துணையோடு செய்து பார்க்கலாம். ஆனால் கிடைத்தற்கரிய பழம்பொருளாயின் சுத்தியலைத் தொடாதீர்கள், அருங்காட்சியகத்தாரிடம் காட்டுங்கள்.

பனையோலையும் நிலைத்து வாழ்வதன்று. செல்லும் ஈரமும் அதை அரித்துவிடும். பழைய ஏடு சிதையுமுன் புதிய ஓலையில் பெயர்த்தெழுதியவர்கள் இருந்தமையாலன்றோ, 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் ஐயரவர்கள் அச்சேற்ற முடிந்தது! எங்கோ ஒரு தலைமுறை 'பழையதுதானே' என்று வாளாவிருந்திருந்தால், அந்த நூல்கள் நம் கைக்கு எட்டியிரா. அவ்வாறு மறைந்த நூல்களும் பல.

உங்கள் வீட்டுப் பெட்டியில் தளர்ந்த கத்தியோ பழைய எழுத்தாணியோ கிடக்கலாம். எறிந்துவிடுமுன் எடுத்துப் பாருங்கள். கெட்டது கத்தியா, ஆணி மட்டுமா என்று ஒரு கணம் சிந்தியுங்கள்.